வெறும் வயிற்றில் எடுத்த ரத்தம்

டிசம்பர் 17, 2013. திருப்பதி

மார்கழி இரண்டு. ஐந்தரைக்கு கேட்டில் தூக்குச்சட்டி மாட்டும் சத்தம், உடனே மொபெட் கிளம்பும் சத்தம். நான் எழுந்து, சுவரைப் பிடித்து, செருப்பைத் தேடி வாசலுக்குப் போய்ச் சேர ஏழு நிமிஷம். அதற்குள் கோவில் மடப்பள்ளிச் சமையலுக்கே திரும்பியிருப்பான் அனந்தாழ்வான். என் அண்ணன். அப்பா காரியம் முடிந்த நாளிலிருந்து ஏழு வருஷமாக எங்களுக்குள் பேச்சு இல்லை. பிரசாதம் மட்டும் வருகிறது. காலித் தூக்கை மாலையில் கேட்டில் மாட்டுவேன், மறுநாள் அதை எடுத்துக்கொண்டு இன்னொன்றை மாட்டிவிட்டுப் போவான்.

இன்று வெண்பொங்கல். நெய் விரலிடுக்கில் வழிந்தது.

என் மனைவி பூமா நியூ ஜெர்சி போய் ஒன்பது மாதம். மகள் ஸ்ரீஜாவின் பிரசவத்துக்கென்று ஆறு மாதக் கணக்கில் போனாள், விசாவை நீட்டித்துக்கொண்டாள். பேத்தி சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாளாம். நானும் அப்படித்தான் நிற்கிறேன். அதை யாரும் போட்டோ எடுத்து அனுப்புவதில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. நாளை மறுநாள் வரச் சொன்னார்கள்.


டிசம்பர் 19

நரம்பியல் டாக்டர் என் மகன் வேதாந்தைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர். தெலுங்கும் இங்கிலீஷும் கலந்து பொறுமையாகச் சொன்னார். என்னைப் போல மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ் என்ற நரம்பு நோய் இருக்கிறவர்களுக்கு மூளைக்குள் ஓடும் ரத்தம் மற்றவர்களைவிடக் குறைவாக இருக்கிறது. ரத்தத்திலுள்ள கொழுப்புக்கும் அந்த ஓட்டத்துக்கும் சம்பந்தம் உண்டா என்று ஓர் ஆய்வு. முப்பது நோயாளிகள். முதலில் வெறும் வயிற்றில் ரத்தம், பிறகு ஊசியில் மருந்து ஏற்றி ஸ்கேன். மூளையில் எந்த இடத்துக்கு எவ்வளவு ரத்தம் போகிறது என்று படத்தில் தெரியும்.

எனக்கு அந்தப் படம் வேண்டும்.

கால் போனது போகட்டும். கிட்டத்தட்ட ஆறு வருஷத்தில் அதற்குப் பழகிவிட்டேன். போன மாதம் ஒரு சாதாரணத் தொகையீட்டுக் கணக்கு. சித்தூர் கல்லூரியில் இருபத்திரண்டு வருஷம் துண்டுச்சீட்டு இல்லாமல் கரும்பலகையில் எழுதியது. மூன்றாவது வரியில் நின்றுவிட்டேன். அடுத்த வரி என்ன என்று தெரியவில்லை. அடுத்த வரி என்று ஒன்று இருப்பதாகவே தோன்றவில்லை. இது வயதா, நோயா, பேச ஆளில்லாமல் கிடப்பதாலா? புத்தி போய்க்கொண்டிருக்கிறதென்றால் அது எனக்குத் தெரிந்தாக வேண்டும். பிறர் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடாது.

ஆய்வில் உதவியாளர் சிவசங்கரி. நாராயணவனம் பக்கத்துப் பெண், முப்பது வயதிருக்கும். நான் தமிழ் என்று தெரிந்ததும் முகம் மலர்ந்தது. "சார், பன்னெண்டு மணி நேரம் ஒண்ணும் துன்னக் கூடாது. தண்ணி மட்டும் குடிக்கலாம். காப்பி கீப்பின்னு எதனா ஊத்திக்கினு வந்துறாதீங்க."

எனக்கா சொல்கிறாய்? ஏகாதசி உபவாசத்தில் வளர்ந்தவன் நான்.


டிசம்பர் 23

இன்று ரத்தம் எடுத்தார்கள். ஊசிக்காரன், "பரகடுபுனே வச்சாரா?" என்றான். வெறும் வயிற்றோடுதான் வந்தீர்களா என்று கேட்கிறான். "அவுனு" என்று ஆமாம் போட்டேன். நேற்று ராத்திரி ஏழுக்கு இரண்டு இட்லி, எண்ணெய் இல்லாமல். அதற்குப் பிறகு ஒன்றும் சாப்பிடவில்லை.


டிசம்பர் 24

டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு 438. நானூறுக்கு மேல் போனால் கெட்ட கொழுப்பைக் கணக்கிடும் சூத்திரமே செல்லாதாம். 30ஆம் தேதி மறுபடி ரத்தம் கொடுக்க ஒரு வாய்ப்பு.

உபவாசம் இருந்தவன் ரத்தத்தில் எங்கிருந்து வரும்? லேப் சரியில்லை.


டிசம்பர் 30

451.

கத்திவிட்டேன். இத்தனை பேர் நடுவில், கைத்தடியைத் தரையில் தட்டி. ஒழுங்காக ஊசி போடத் தெரியாது, குழாயில் பெயர் எழுதத் தெரியாது, இவர்கள் ஆராய்ச்சி பண்ணுகிறார்கள்! நான் பொய் சொல்கிறேன் என்றா நினைக்கிறீர்கள்? அப்படி நினைத்தவர்களை முன்பே பார்த்திருக்கிறேன். சித்தூரில் என் நடை தள்ளாட ஆரம்பித்தபோது பிரின்சிபால் பச்சையப்பன் ஸ்டாஃப் ரூமில் எல்லார் எதிரிலும் என் வாயருகே மூக்கைக் கொண்டுவந்தார். குடித்திருக்கிறேனா என்று பார்க்க. நெற்றியில் திருமண்ணோடு நின்றுகொண்டிருந்தேன். அன்றிலிருந்து யார் என் வார்த்தையைச் சந்தேகித்தாலும் அந்த மூக்கு தெரிகிறது.

சிவசங்கரி பதற்றப்படவில்லை. "உக்காருங்க சார், மொதல்ல உக்காருங்க" என்று கையைப் பிடித்து உட்கார வைத்தாள். பிடித்த கையை அப்படியே வைத்துக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

"சார், கையில இன்னா சார் நெய் வாசன வருது?"

"பிரசாதம்."

"எப்ப துன்னீங்க?"

"சாப்பிடவில்லை அம்மா. பிரசாதம் வாங்கிக்கொண்டேன். தினமும் விடியற்காலையில் வரும்."

"எவ்ளோ?"

கையைக் குவித்துக் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்கியதில் கன்னம் இரண்டும் உப்பின. "சார், அது சாமிக்கிப் பிரசாதம். ஒடம்புக்கு அது பொங்கல் சார். முந்திரி போட்ட பொங்கல்."

நான் எம்.எஸ்ஸி. கணிதம், தங்கப் பதக்கம். ஊரில் ஒவ்வொருவனுடைய மூடநம்பிக்கையையும் கேலி செய்தவன். என்ன சாப்பிட்டாய் என்று யார் கேட்டாலும் பிரசாதத்தை அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று எனக்கு இந்த நிமிஷம் வரை தோன்றியதில்லை. எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றியிருக்காது. அப்பா விரதத்தன்று, "ஒண்ணும் சாப்பிடலை, பிரசாதம்தான்" என்பார்.

டாக்டர் கேட்டார்: "தினமுமா? எத்தனை வருஷமாக?"

"அப்பா போனதிலிருந்து. ஏழு வருஷம்."

அவர் எழுதிக்கொண்டார். ஆறாம் தேதி கடைசி வாய்ப்பு. தினசரி நெய்யையும் நிறுத்தச் சொன்னார். அவ்வளவுதான் சொன்னார்.

வீட்டுக்கு வந்து காலித் தூக்கைக் கழுவி அதற்குள் ஒரு சீட்டு வைத்தேன். "இனி அனுப்ப வேண்டாம். என் மூளைக்கு ரத்த ஓட்டம் குறைந்ததற்கு உன் நெய்தான் காரணம் என்று டாக்டர் சொல்கிறார். இப்படிக்கு, ஸௌரி."

டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. இருக்கலாம் என்றுகூடச் சொல்லவில்லை. ஸ்கேனே இன்னும் எடுக்கவில்லை. நானாகச் சேர்த்தேன். எழுதும்போது நன்றாக இருந்தது.


டிசம்பர் 31

ஐந்தரைக்கு மொபெட் வந்தது. இன்று சீக்கிரம் கிளம்பவில்லை. வெகு நேரம் கேட்டருகே சத்தமே இல்லை. பிறகு போய்விட்டது.


ஜனவரி 1, 2014

வரவில்லை.


ஜனவரி 3

நிம்மதி என்று எழுத நினைத்தேன். ஐந்தரைக்கு விழிப்பு வந்துவிடுகிறது. எழுந்து என்ன செய்வது? ஆறரைக்குப் பால். அதுவரை கூரையைப் பார்க்கிறேன்.

என் பக்கத்து நியாயத்தை எழுதிவைக்கிறேன். 1998இல் ஹைதராபாத் கன்சல்டன்சி ஒன்று கணக்கு படித்தவர்களை மூன்று மாதம் கம்ப்யூட்டர் பழக்கி அமெரிக்காவுக்கு ஏற்றிக்கொண்டிருந்தது. பட்டியலில் என் பெயர் இருந்தது. அண்ணன் அனந்தன் வந்தான். "அப்பாவ யார் பாத்துப்பா?" என்று ஒரே ஒரு கேள்வி. நான் போகாமல் நின்றுவிட்டேன். அடுத்த வருஷம் அவன் திருமலைக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு மேலே போய்விட்டான். அப்பா போன பிறகுதான் கீழே ஊர்க் கோவிலுக்கு இறங்கி வந்தான். அப்பாவுக்கு எட்டு வருஷம் நான் செய்தேன். என்னுடன் படித்த நாகேந்திரன் டல்லாஸில் இருக்கிறான். அவனுக்கு நான் கணக்கு சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

காரியம் முடிந்த அன்று இதையெல்லாம் அவனிடம் சொன்னேன். "சரி" என்றான். அந்த "சரி"தான் கடைசி வார்த்தை.


ஜனவரி 6

சரியான வெறும் வயிறு. பரிசோதனைச் சீட்டைச் சாயங்காலமே கொடுத்தார்கள். டிரைகிளிசரைடு 231, மொத்தம் 281, நல்லது 34. கெட்ட கொழுப்பை நானே கணக்கிட்டேன்: 231ஐ ஐந்தால் வகுத்து, மொத்தத்திலிருந்து அதையும் நல்லதையும் கழிக்க வேண்டும். 211 என்று எழுதினேன். சிவசங்கரி எட்டிப் பார்த்து, "சார், எரநூத்தி ஒண்ணு வருதே" என்றாள். அவள் சொன்னதுதான் சரி. எட்டாம் வகுப்புக் கழித்தல்.

ஆனால் ஆய்வில் சேர்ந்துவிட்டேன். 21ஆம் தேதி ஸ்கேன்.

ஒரு படிவம் கொடுத்தார்கள். ஊசி மருந்து ஏற்றுவதால் நெருங்கிய உறவினர் ஒருவர் கூட வந்து கையெழுத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும். "வீட்டாண்ட யார்னா இருக்காங்க இல்ல சார்?" என்றாள் சிவசங்கரி.

"இருக்கிறார்கள்" என்றேன்.


ஜனவரி 8

வேதாந்த் பெங்களூரில் இருக்கிறான், பஸ்ஸில் ஆறு மணி நேரம். "அப்பா, அந்த வாரம் ஆபீஸ்ல ரிலீஸ். ஒரு வாரம் தள்ளிப்போட முடியாதா?" முடியாது என்றேன். "அப்ப பெரியப்பாகிட்ட கேளேன்" என்றான், ஏதோ பக்கத்துக் கடையில் தீப்பெட்டி வாங்கிவரச் சொல்வதுபோல.

பூமாவும் போனில் அதையே சொன்னாள், பிறகு தொடர்ந்தாள். "ஏன்னா, மன்னி போன் பண்ணினா. உங்கண்ணா சரியா சாப்பிடறதில்லையாம். யாரோடயும் பேசறதில்லையாம். நீங்க என்ன பண்ணினேள்?"

"நான் என்ன பண்ணினேன்? நெய் வேண்டாம்னேன்."

"அவ்வளவுதானா?"

அங்கே குழந்தை அழுதது. வைத்துவிட்டாள்.


ஜனவரி 9

டாக்டரிடம் ஏழு வருஷம் என்று சொன்னது சரிதானா என்று பழைய டைரிகளை எடுத்துப் பார்த்தேன். கணக்குத் தப்புவது எனக்குப் பிடிக்காது.

அப்பா போனது 2006 நவம்பர். அந்த டைரியில் தூக்கைப் பற்றி ஒன்றும் இல்லை. 2007 முழுக்க இல்லை. 2008 பிப்ரவரி: கால் மரத்தது, ஸ்கேன், நோயின் பெயர். ஏப்ரல் 14: "அடுப்படியில் விழுந்தேன். பூமா கோவில் போயிருந்தாள். ஒரு மணி நேரம் தரையில் கிடந்தேன்." ஏப்ரல் 16: "விடியற்காலையில் யாரோ கேட்டில் தூக்கு மாட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். கதம்ப சாதம். யார் என்று தெரியும்."

அதாவது முதலில் நோய் வந்தது. பிறகு நான் விழுந்தேன். அதைக் கேள்விப்பட்ட பிறகுதான் தூக்கு வந்தது.

இத்தனை வருஷம் வேறு வரிசையில் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். மறதியா? அல்லது எனக்கு அந்த வரிசைதான் வசதியா?


ஜனவரி 13

போகி. தெருவெல்லாம் புகை. இன்று அண்ணாவிடம் போயிருக்கலாம், போகவில்லை.


ஜனவரி 17

போனேன்.

ஆட்டோவில் கோவிலின் பின்பக்கத் தெருவுக்கு. மடப்பள்ளி ஆட்கள் பத்து மணிக்கு மேல் அந்த வழியாகத்தான் வெளியே வருவார்கள். தடியை ஊன்றி முக்கால் மணி நேரம் நின்றேன். வந்தான். ஈர வேட்டி, தோளில் துண்டு. இளைத்திருந்தான். அறுபதை நெருங்கிவிட்டான் என்பது அப்போதுதான் உறைத்தது. என்னைப் பார்த்ததும் நின்றான்.

"எப்படிடா வந்தே?"

"ஆட்டோல."

மடியிலிருந்து எதையோ எடுத்தான். என் சீட்டு. எட்டாக மடித்து, வேர்வையில் எழுத்து கலங்கியிருந்தது.

"ஏண்டா ஸௌரி, நெஜமாவே என் நெய்யாலதானா? மெடிக்கல் ஷாப்காரன்ட்ட காமிச்சேன். அவன், 'நெய் ஜாஸ்தியானா யாருக்கும் ஆகாது ஸ்வாமி'ங்கறான். நெய்க்கரண்டிய எடுக்க மனசே வரலைடா. நன்னா இருக்கட்டும்னு உன் தூக்குல மட்டும் ரெண்டு கரண்டி கூட விடுவேன். தெனம். எத்தன வருஷம்!"

தடியை மறு கைக்கு மாற்றிக்கொண்டேன்.

"டாக்டர் அப்படிச் சொல்லலைண்ணா. நானா எழுதினேன்."

"ஏன்?"

"தெரியலை."

என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தான். திட்டுவான் என்று காத்திருந்தேன். "எனக்கு சமாதானம் சொல்றே. சொல்லணும்னு வந்திருக்கே" என்றான். நம்பவில்லை. பொய்யை உடனே நம்பினவன் உண்மையை நம்ப மாட்டேன் என்கிறான்.

படிவத்தை நீட்டினேன். துண்டில் கையை இரண்டு தரம் துடைத்துக்கொண்டு, "எங்க போடணும்?" என்றான். ஆஸ்பத்திரியில், அவர்கள் எதிரில்தான் போட வேண்டும் என்றேன். "வரேன்" என்றான்.


ஜனவரி 21

ஸ்கேன் முடிந்தது. குழாய்க்குள் நாற்பது நிமிஷம், சுத்தியலால் அடிப்பதுபோல் சத்தம். கையில் சில்லென்று மருந்து ஏறியது. உள்ளே கிடந்து பதினேழாம் வாய்ப்பாட்டைச் சொல்லிக்கொண்டேன். தப்பவில்லை என்று நினைக்கிறேன்.

அதற்கு முன் வெளியே ஒரு மணி நேரம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். ஏதாவது பேச வேண்டுமே என்று நான்தான் 98ஐ எடுத்தேன். வேண்டுமென்றே எடுக்கவில்லை. வாயில் அதுதான் எப்போதும் தயாராக இருக்கிறது.

"நீ அன்னிக்கு அந்தக் கேள்வி கேக்காம இருந்திருந்தா நான் போயிருப்பேன்."

"போயிருக்கலாமே. நான் உன் காலப் பிடிச்சேனா?"

"அப்பாவ யார் பாத்துப்பான்னு கேட்டியே."

"கேட்டேன். நீ, 'நீ பாத்துக்கோ'ன்னு சொல்லுவேன்னு நெனச்சேன். சொன்னா பாத்துண்டிருப்பேன். நீ சொல்லலை." துண்டை மடித்துப் பிரித்து மடித்தான். "பாஸ்போர்ட்டுக்கே எழுதிப் போடலையேடா நீ."

உண்மை. படிவம் வாங்கி வைத்திருந்தேன். நிரப்பவில்லை. அந்த வருஷம் எனக்கு விமானம் ஏறப் பயம். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை, இந்த நோட்டிலும் எழுதியதில்லை. அவனுக்கு எப்படித் தெரியும்? தெரிந்தும் பதினைந்து வருஷம் என்னைத் திட்டவிட்டுக்கொண்டிருந்தானா?

சிவசங்கரி படிவத்தோடு வந்தாள். "சொந்த அண்ணனா சார்? டாக்டர் கேட்டுக்கினே இருந்தாங்க. நோவு இல்லாத கூடப்பொறந்தவங்க ரத்தமும் வேணுமாம், பக்கத்துல வச்சிப் பாக்க. ஐயரே, நீங்க ரத்தம் குடுப்பீங்களா?"

"ஐயர் இல்லம்மா, ஐயங்கார்" என்று ஆரம்பித்தேன். அண்ணா குறுக்கிட்டான்: "எடுத்துக்கோம்மா. எவ்வளவு வேணுமோ எடுத்துக்கோ."

"வெறும் வயிறா வரணும். பிரசாதம்கூட துன்னக் கூடாது" என்று என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"நான் காலம்பற எதுவும் வாயில போடறதில்லைம்மா. மடப்பள்ளில ருசிகூடப் பாக்கறதில்லை, மோந்துகூடப் பாக்கப்படாது. ஒரு வேளைதான் சாப்பாடு, அதுவும் மோர்சாதம்."


ஜனவரி 29

இரண்டு பேரையும் வரச் சொல்லியிருந்தார்கள்.

என் படம். திரையில் நீலமும் சிவப்புமாக. நீலம் இருக்கும் இடத்தில் ஓட்டம் குறைவு. நடுவில் ஆழத்தில் நீலம். நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கேதான் இருக்கிறதோ அந்த மூன்றாவது வரிக்கு அடுத்த வரி?

"கொழுப்பாலா?" என்றேன்.

"உங்கள் ஒருவரை வைத்து என்னால் சொல்ல முடியாது. நோயாலும் இருக்கலாம், இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். முப்பது பேருடையதும் சேர்ந்த பிறகு ஏதாவது தெரியலாம்."

ஒற்றைப் புள்ளியை வைத்துக் கோடு வரைய முடியாது என்று எத்தனை வருஷம் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். புள்ளியாக இருப்பது எப்படி இருக்கும் என்று ஒரு மாணவனும் கேட்டதில்லை.

பிறகு அண்ணாவின் தாள். மொத்தம் 287. கெட்ட கொழுப்பு 208. டாக்டர் இரண்டு முறை பார்த்தார். மோர்சாதம்தான் என்று நான் உறுதி சொன்னேன். "அப்படியானால் இது உங்கள் குடும்பத்திலேயே இருக்கலாம். சாப்பாட்டால் கொஞ்சம் கூடும், குறையும். அடிப்படை ரத்தத்தில் இருப்பது" என்றார்.

அண்ணாவுக்குத் தெலுங்கில் மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. கேட்டுக்கொண்டே எழுந்துவிட்டான்.

"எனக்கும் இருக்கா?"

"ஆமாம். உங்களுக்குத் தம்பியைவிட ஜாஸ்தி. இருதயத்துக்கு நல்லதில்லை. மாத்திரை—"

"ஜாஸ்தியா! நெய்யே சாப்பிடாம!" வராண்டா முழுக்கக் கேட்டது. நாற்காலியில் இருந்தவர்கள் திரும்பினார்கள். "கேட்டியாடா ஸௌரி? எனக்கு உன்னைவிட ஜாஸ்தியாம்! அப்ப என் கரண்டியால இல்லடா. நம்மாத்து ரத்தம்டா இது. அப்பாவோடது!"

டாக்டர் பயந்துபோய் அவனை உட்காரச் சொன்னார். மாரடைப்பு வரலாம் என்று ஒரு மனிதனிடம் சொல்லி, அவன் அதற்கு அழுதுகொண்டே சிரித்து அவர் பார்த்திருக்க மாட்டார்.

நான் தலையைக் குனிந்து தடியின் பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தச் சீட்டில் மூன்று வரி எழுதினேன். ஒரு மனிதன் அதை ஒரு மாதம் மடியில் சுமந்திருக்கிறான்.


பிப்ரவரி 11

பூமா ஜூன் வரை வர மாட்டாளாம். சரி என்றேன். போனை வைத்த பிறகுதான் கவனித்தேன், அண்ணா சொல்லும் அதே "சரி".


பிப்ரவரி 20

வீட்டில் ஒருவரும் இல்லை. மழையும் இல்லை. எழுதவும் ஒன்றும் இல்லை.


மார்ச் 12

இரண்டு பேருக்கும் ஒரே மாத்திரை. இரவு எட்டு மணிக்கு. அண்ணாவுக்கு மாத்திரை போடும் பழக்கமே கிடையாது, மறந்துவிடுவான் என்று நான் தினமும் எட்டு மணிக்குப் போன் செய்கிறேன்.

"போட்டுண்டியா?"

"போட்டுண்டேன். வை."

அவ்வளவுதான் பேச்சு. நாளில் சில சமயம் இது ஒன்றுதான் நான் பேசுவது. மாத்திரை போட அரை நிமிஷம். எட்டு மணிக்காகக் காத்திருப்பதில் மாலை போய்விடுகிறது.

இன்று அந்தத் தொகையீட்டை மறுபடி எழுதிப் பார்க்க உட்கார்ந்தேன். மூன்றாவது வரி வரை வந்தது. நாலாவதற்காகக் காத்திருந்தேன். மின்விளக்கைப் போடவும் தோன்றவில்லை, எட்டு மணி தாண்டியதும் தெரியவில்லை.

எட்டரைக்குப் போன் அடித்தது. அண்ணா.

"நீ போட்டுண்டியா?"